“நான்தான் செய்தேன்” என்றால் வழக்கு முடிந்துவிடுமா?

சென்ற வாரம் ஓர் இரவு, இலங்கையின் திருகோணமலையை அடுத்த உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டில் சின்னம்மாவோடு அமர்ந்து, சென்னையில் தயாரான ஒரு நீதிமன்றத் தொடரின் ஓர் அத்தியாயத்தைப் பார்த்தேன். வட்டிக்குப் பணம் கொடுக்கும் ஒருவர் கொலையுண்டு கிடக்கிறார். அவரிடம் வாகனம் ஓட்டிய இளைஞனைப் பொலிஸார் பிடித்துச் செல்கின்றனர். அந்த நேரத்தில் தான் பெற்றோல் அடிக்க நின்றதாக அவன் முதலில் சொல்கிறான். இரவு முழுவதும் விசாரணை நடக்கிறது. விடியும் வேளையில் அவன் உடைந்துபோய், “நான்தான் செய்தேன், என்னை விட்டுவிடுங்கள்” என்று அழுகிறான். இன்ஸ்பெக்டர் அதைத் தம் கைப்பேசியில் பதிவு செய்கிறார். மறுநாள் நீதிமன்றத்தில் அந்தப் பதிவு ஒலிக்கிறது. எல்லாரும் உறைந்து நிற்க, நீதிபதி சுத்தியலைத் தட்டி, அவனைக் குற்றவாளி என்று தீர்க்கிறார்.

“அவனே வாயால ஒத்துக்கொண்டிட்டான்தானே தம்பி, பிறகென்ன வழக்கு?” என்றார் சின்னம்மா.

எங்கள் ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் எண்ணுகிறார்கள் என்பதை நான் என் தொழிலால் அறிவேன். நான் சட்டத்தரணி அல்லன். சிங்கள, ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கிக் கொடுப்பவன். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு, பொலிஸ் நிலையத்தில் எழுதப்பட்ட வாக்குமூலங்களும் என் மேசைக்கு வருகின்றன. அவற்றைக் கொண்டுவரும் தாய்மார் பலர், மகன் ‘ஒத்துக்கொண்டுவிட்டான்’ என்ற ஒரே காரணத்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பி, சட்டத்தரணியிடம் போவதையே வீண்செலவாகக் கருதுகிறார்கள். அந்த நம்பிக்கை பிழையானது. அதை வளர்ப்பதில் இத்தகைய தொடர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதனால், அந்த அத்தியாயத்தையே உதாரணமாக வைத்துக் ‘குற்ற ஒப்புதல்’ என்றால் என்ன, அது எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதை விளக்க விரும்புகிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பொலிஸாரிடம் ஒருவர் சொல்வது எல்லாம் வாக்குமூலம்தான். ஆனால் எல்லா வாக்குமூலமும் குற்ற ஒப்புதல் ஆகாது. “நான் அந்தக் கடைக்குப் போனேன், அவரோடு வாய்த்தர்க்கப்பட்டேன், பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்” என்று ஒருவர் சொன்னால், சில விடயங்களை ஏற்றுக்கொள்கிறார், அவ்வளவே. அந்தக் குற்றத்தைத் தானே செய்ததாகச் சொல்வது, அல்லது அப்படி ஊகிக்க இடங்கொடுக்கும் வகையில் சொல்வதுதான் குற்ற ஒப்புதல். இதனின்றும் வேறானது, நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்ட பின், நீதிபதியின் முன்னிலையில் எதிரி குற்றத்தை ஏற்றுக்கொள்வது. (குற்றஞ்சாட்டப்பட்டவரை எங்கள் நீதிமன்றத் தமிழில் ‘எதிரி’ என்பார்கள், பகைவன் என்ற பொருள் அதில் இல்லை.) அங்குகூட, கொலைக் குற்றமாயின், அவர் ஏற்றுக்கொண்டதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் விசாரணையை நடத்த மேல் நீதிமன்ற நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. சட்டம் மனிதரின் வாய்ச்சொல்லை எவ்வளவு நிதானத்தோடு அணுகுகிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இனித் தொடருக்கு வருவோம். இன்ஸ்பெக்டர் பதிவு செய்த அந்த ஒப்புதலைத் திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் யாராவது ஒலிக்கவிட முயன்றிருந்தால், எதிரியின் சட்டத்தரணி எழுந்து ‘25ஆம் பிரிவு’ என்று சொன்ன அளவிலேயே அது நின்றிருக்கும். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதல் எதனையும் எதிரிக்கு எதிராக எண்பிக்கக் கூடாது என்கிறது. எண்பித்தல் என்பது சான்றாக முன்வைத்து நிரூபித்தல். அடித்து வாங்கிய ஒப்புதலை மட்டும் இந்தப் பிரிவு தள்ளவில்லை. பொலிஸாரிடம் விரும்பிச் சொன்ன ஒப்புதலையும், அழுதுகொண்டு சொன்னதையும், ஒலிப்பதிவு செய்ததையும், கையொப்பமிட்டதையும் ஒருசேரத் தள்ளுகிறது. வனச் சட்டத்தின் கீழான குற்றத்தை வன உத்தியோகத்தரிடமும், மதுவரிச் சட்டத்தின் கீழான குற்றத்தை மதுவரி உத்தியோகத்தரிடமும் ஒப்புக்கொள்வதற்கும் இதே தடை உண்டு. காட்டில் மரம் வெட்டியதாகப் பிடிபடும் எங்கள் மாவட்டத்துக் குடியானவர்கள் அறிந்திருக்க வேண்டிய விடயம் அது.

தொடர் நடப்பது இந்தியாவில் ஆயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். அங்கும் விடை மாறாது. எங்கள் 1895ஆம் ஆண்டுச் சட்டமே 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது; இந்த விதி அங்கும் நெடுங்காலம் 25ஆம் பிரிவாகவே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய இந்தியச் சட்டத்தில் இலக்கம் 23 என மாறியதேயன்றி விதி மாறவில்லை. ஆகவே அந்தக் காட்சி சென்னையிலும் நடக்காது, திருகோணமலையிலும் நடக்காது.

பொலிஸார் எல்லாரும் பொய்யரா, ஏன் இவ்வளவு அவநம்பிக்கை என்று சின்னம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கான விடை தமிழ் மண்ணிலேயே கிடக்கிறது. மதராஸ் மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற முறைப்பாடுகள் பெருகியதால் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டு, அதன் அறிக்கை 1855இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்த அறிக்கையில், மொழிபெயர்க்க இயலாமல் அப்படியே விடப்பட்ட இரண்டு சொற்கள் ‘கிட்டி’, ‘அண்ணாந்தாள்’ என்பன. கிட்டி என்பது விரல்களை இடுக்கி நெரிக்கும் மரக் கருவி. அண்ணாந்தாள் என்பது, மனிதரின் கழுத்தில் கயிற்றையோ அவருடைய வேட்டியையோ மாட்டி, அதன் மறுமுனையைக் கால் பெருவிரலில் கொளுவி, நிமிர முடியாதபடி குனிய வைத்து நிறுத்துவது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கடற்கரையில் கிட்டி அடித்து விளையாடுவார்கள். அந்தச் சொல்லுக்கு இப்படியொரு பழைய பொருளும் உண்டு என்பதை நான் முதன்முதலில் படித்தபோது, அந்தப் பக்கத்தைக் கடந்து போக எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

அந்த அறிக்கைக்குப் பின் சில ஆண்டுகளில், 1861ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், பொலிஸாரிடம் செய்த ஒப்புதல் செல்லாது என்ற விதி எழுதப்பட்டது. அதைச் சாட்சியச் சட்டத்தில் வைத்தவர் சேர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். இந்தியாவில் பணியாற்றிய ஓர் அதிகாரி தம்மிடம் சொன்னதாக அவர் பிற்காலத்தில் எழுதியது ஒன்று உண்டு: வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் சுகமாக இருந்துகொண்டு ஓர் ஏழையின் கண்ணில் மிளகாய்த்தூளைத் தேய்ப்பது எவ்வளவோ எளிது என்பது அதன் சாரம். 25ஆம் பிரிவின் நோக்கம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. ஒப்புதலை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்றால்தான், விசாரிப்பவர் எழுந்து வெயிலில் போவார். பொலிஸார் எல்லாரும் கொடியவர் என்று சட்டம் சொல்லவில்லை. எளிய வழி திறந்திருந்தால் நல்லவரும் அதில் நடக்கத் தொடங்குவார் என்றே அஞ்சுகிறது.

பொலிஸாரிடம் சொல்லாமல், பொலிஸ் காவலில் இருந்துகொண்டு வேறொருவரிடம் சொன்னால்? உதாரணமாக, அந்த இளைஞன் அறையில் தன்னோடு அடைக்கப்பட்டிருந்தவனிடம் சொல்லியிருந்தால்? அதையும் அடுத்த பிரிவு, 26ஆம் பிரிவு, தடுக்கிறது: காவலில் இருப்பவரின் ஒப்புதல், நீதவான் ஒருவரின் நேரடி முன்னிலையில் செய்யப்பட்டாலன்றிச் செல்லாது. காவலுக்கு வெளியே, தன் நண்பனிடமோ தமையனிடமோ சொன்னதைச் சாட்சியமாகக் கொண்டுவரலாம். ஆனால் அவருடைய மேலதிகாரி போன்ற அதிகாரமுள்ள ஒருவர், வழக்குத் தொடர்பாக அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ வாக்குறுதி கொடுத்தோ பெற்றதாக நீதிமன்றத்துக்குத் தோன்றினால், 24ஆம் பிரிவு அதையும் தள்ளிவிடும். “உண்மையைச் சொல், விட்டுவிடுகிறேன்” என்பதும் அந்த வகையில்தான் அடங்கும்.

நீதவான் ஒப்புதலைப் பதியும் முறை வேறு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 127ஆம் பிரிவின்படி, ஒப்புதல் கொடுக்க அவருக்குக் கடப்பாடு இல்லை என்பதையும், கொடுத்தால் அது அவருக்கு எதிராகப் பயன்படலாம் என்பதையும் நீதவான் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டு, அவர் தாமாக விரும்பியே சொல்கிறார் என்று மனம் நம்பிய பின்னரே எழுத வேண்டும். அவ்வாறு நம்பியதாக அடியில் குறிப்பும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். தொலைக்காட்சிக்கு இது சுவையற்ற காட்சியாக இருக்கலாம். எனக்கோ, ஒரு மனிதனிடம் ‘நீ பேசாமலும் இருக்கலாம்’ என்று அரசின் சார்பில் ஒருவர் சொல்லும் அந்தக் கணத்தைக் காட்டினால், அதைவிடச் சிறந்த காட்சி வேறில்லை என்று தோன்றுகிறது.

அத்தியாயத்தில் இன்னொரு காட்சி இருந்தது. ஒப்புக்கொண்ட பின், இளைஞன் பொலிஸாரைப் பாழுங்கிணறு ஒன்றுக்கு அழைத்துச் சென்று, கல்லுக்கு அடியில் இருந்த தங்கச் சங்கிலியைக் காட்டுகிறான். இங்கே சட்டம் ஒரு சிறு கதவைத் திறக்கிறது. 27ஆம் பிரிவின்படி, காவலில் உள்ளவர் தந்த தகவலால் ஏதேனும் ஒரு விடயம் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் எண்பிக்கலாம். ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மதராஸிலிருந்து மேன்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில், அன்று இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் 1946இல் இதைத் தெளிவாக்கியது. “அவரைக் கொன்று எடுத்த சங்கிலியைக் கிணற்றடியில் கல்லுக்குக் கீழே வைத்திருக்கிறேன், வாருங்கள் காட்டுகிறேன்” என்று அவன் சொன்னதாகக் கொள்வோம். ‘சங்கிலியைக் கிணற்றடியில் கல்லுக்குக் கீழே வைத்திருக்கிறேன்’ என்பது உள்ளே வரும். ‘அவரைக் கொன்று எடுத்த’ என்பதைக் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் அகற்ற வேண்டும். மிஞ்சுவது, சங்கிலி அங்கே இருந்தது அவனுக்குத் தெரியும் என்ற ஒன்றே. களவாடியவனுக்கும் அது தெரிந்திருக்கும், யாரோ ஒளிப்பதைக் கண்டவனுக்கும் தெரிந்திருக்கும். அந்த அறிவிலிருந்து கொலைக்குப் போக வேண்டிய தூரத்தை வேறு சாட்சியங்களே கடக்க வேண்டும்.

அவன் தன் கூட்டாளி ஒருவனின் பெயரையும் சொன்னான். ஒன்றாக விசாரிக்கப்படும் இருவரில் ஒருவர் செய்து எண்பிக்கப்பட்ட ஒப்புதலை மற்றவருக்கு எதிராகக் கருத்திற்கொள்ளக் கூடாது என்று எங்கள் 30ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியாவிலோ, கருத்திற்கொள்ளலாம் என்று இருக்கிறது. தாய்ச் சட்டத்திலிருந்து எங்கள் சட்டம் விலகி, எதிரிக்குக் கூடுதல் பாதுகாப்புத் தந்த இடங்களுள் இது ஒன்று.

இவ்வளவும் சொன்ன பின், எங்கள் மாகாணத்தில் வாழ்பவர் எவரும் கேட்கக்கூடிய கேள்வியைச் சின்னம்மாவும் கேட்டார்: “அப்ப எங்கட பிள்ளையள் கன பேர் ஒத்துக்கொண்ட கடிதத்தாலதானே உள்ளுக்குக் கிடந்தவங்கள்?” அவர் சொன்னது உண்மை. நான் மேலே விளக்கியது சாதாரண சட்டம். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத ஓர் உத்தியோகத்தரிடம் செய்த ஒப்புதலை, அதன் 16ஆம் பிரிவு சான்றாக ஏற்கச் சொல்கிறது. 25, 26, 30ஆம் பிரிவுகள் இந்தச் சட்டத்தின் கீழான வழக்குகளுக்குப் பொருந்தாது என்று 17ஆம் பிரிவு கூறுகிறது. அதைவிடப் பாரதூரமானது, அச்சுறுத்திப் பெற்றது என்று காட்டும் பொறுப்பை எதிரியின் தலையில் வைத்ததாகும். மூடிய அறைக்குள் நடந்ததை, அங்கே தனியாக இருந்த ஒருவர், அந்த அறைக்கு உரியவர்களுக்கு எதிராக நிரூபிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கென்று வந்த அந்தச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 16ஆம் பிரிவைத் தொடவில்லை. இந்தியாவிலும் தடாச் சட்டம், பொடாச் சட்டம் என இவ்வாறான விதிவிலக்குகள் இருந்தன. முன்னது 1995இல் காலாவதியானது, பின்னது 2004இல் நீக்கப்பட்டது.

இத்தகைய வழக்குகளில்தான் ‘உண்மை விளம்பல் விசாரணை’ என்ற சொல்லைச் செய்திகளில் காண்கிறோம். அது பிரதான வழக்குக்குள் நடக்கும் ஒரு சிறு வழக்கு. எதிரி குற்றம் செய்தாரா என்பது அங்கே கேள்வி அன்று. ஒப்புதலை அவர் தாமாகக் கொடுத்தாரா என்பதே கேள்வி. வாக்குமூலம் பதிந்த அதிகாரி சாட்சியமளிப்பார், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை வாசிக்கப்படும், எதிரியும் கூண்டில் ஏறித் தமக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். நீதிபதி ஒப்புதலைத் தள்ளிவிட்டால், பெரும்பாலும் வழக்கே தளர்ந்துவிடும்.

ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவரை சென்ற ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1993இல் கைதான தமிழர் ஒருவருக்கு 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாகக் குறைந்தது. அவருக்கு எதிரான சான்று, அவருடையதாகச் சொல்லப்பட்ட ஒப்புதல். அவருக்குத் தெரிந்த மொழி தமிழ். ஒப்புதல் எழுதப்பட்ட மொழி சிங்களம். அதன் அடியில் இருந்தது அவருடைய பெருவிரல் அடையாளம். ஒப்புதல் விருப்பத்தோடு கொடுக்கப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத்தொடுநருக்கே உரியது என்றும், அதை எதிரியின் மேல் சுமத்தியது அவருடைய உரிமையை மீறியது என்றும் அந்தக் குழு 2004இல் கூறியது. ஆயினும் 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை மீளாய்வு செய்ய மறுத்துவிட்டது.

மொழி பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும்; இது என் மேசையில் நான் கண்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் கொண்டுவந்த சிங்கள வாக்குமூலப் பிரதியில், மகன் ‘வரத’யை ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி இருந்தது. அந்தச் சிங்களச் சொல் தவறு, குற்றம் இரண்டையும் குறிக்கும்; நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்பதற்கும் அதே சொல்தான். “அவன் என்ன சொன்னான் அம்மா?” என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து கூட்டிச் சென்றபோது, கோபத்தோடு நின்ற உத்தியோகத்தரைத் தணிக்க, “என்னில பிழைதான் ஐயா” என்று மகன் சொன்னதைத் தாம் கேட்டதாக அவர் சொன்னார். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் ஒரு பணிவு. பெரியவர் ஏசும்போது, காரணம் தெரியாமலே நாங்கள் சொல்லிவிடுவது. பொலிஸ் நிலையத்திலும் அவன் அதையேதான் சொன்னானா, வேறு ஏதும் சொன்னானா என்பதை நான் அறியேன். தாளைப் பார்த்து அதை எவரும் அறிய முடியாது. பிரதியின் அடியில், ‘வாசித்து விளக்கப்பட்டது, சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்’ என்ற வழக்கமான வரி இருந்தது. அந்த வரியை எத்தனையோ முறை தமிழாக்கியிருக்கிறேன். அன்று எழுதும்போது பேனா தயங்கியது.

பொலிஸ் வாக்குமூலம் முற்றிலும் பயனற்றது என்று இதனால் எண்ணிவிடக் கூடாது. எதிரி நீதிமன்றத்தில் வேறு விதமாகச் சொன்னால், முன்பு இப்படிச் சொன்னார் என்று காட்ட, ஒப்புதல் அல்லாத கூற்றைப் பயன்படுத்த முடியும். ஆகவே, பொலிஸ் நிலையத்தில் எதைச் சொன்னாலும் கவலையில்லை என்று எவரும் இருந்துவிட வேண்டாம். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிடும் முன், தமிழில் வாசித்துச் சொல்லுமாறு கேட்பது நல்லது. சித்திரவதை நடந்திருந்தால், நீதவான் முன் ஆஜர்செய்யப்படும் முதல் வாய்ப்பிலேயே அதைச் சொல்ல வேண்டும். உடலில் காயம் மறைவதற்குள் சட்ட வைத்திய அதிகாரி பார்த்தால்தான் பின்னர் அந்தச் சொல்லுக்குப் பலம் இருக்கும்.

இதையெல்லாம் கேட்ட பின்னும் சின்னம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. அவன் உண்மையிலேயே கொன்றிருந்தால், ஒப்புதலைத் தள்ளிவிட்டால், செத்தவரின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்றார். அந்தக் கேள்வியை இலேசாக ஒதுக்க எனக்கு மனமில்லை. அந்தக் குடும்பத்துக்கும் வேண்டியது, ஏதோ ஒருவனின் தண்டனை அல்ல, செய்தவனின் தண்டனை. ஒப்புதல் கிடைத்ததும் விசாரணை நின்றுவிட்டால், பிடிபட்டவன் செய்யாதவனாக இருக்கும் பட்சத்தில், செய்தவன் எங்கோ நடமாடிக்கொண்டிருப்பான் என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து தேத்தண்ணீர் போடப் போய்விட்டார்.

அடுத்த அத்தியாயம் திங்கள் இரவு வந்தது. மேன்முறையீடு, கண்ணீர், பழைய பகை என்று கதை ஓடிக்கொண்டிருந்தது. சின்னம்மா நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விளம்பரம் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பொடியன் பெற்றோல் அடிக்க நிண்டனான் எண்டு முதலே சொன்னவன்தானே. அந்தப் பெற்றோல் செட்டில போய் ஒருத்தரும் கேக்கேல்லையே தம்பி?”